கேட்காமல் அழித்த கார்டு

என் மனைவி எழுதிய புரோகிராம் அவளைப் போலவே இருந்தது. எதையும் செய்வதற்கு முன்னால் நின்று, மூக்குக் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்து, ஒரு கேள்வி கேட்கும். அந்தக் கேள்வியைப் பிடுங்கி எறியச் சொன்னவன் நான். சொல்லும்போதே காது மடல் சுடுகிறது. இதோடு இது எத்தனையாவது தடவையோ, சுடுவது மட்டும் குறையவில்லை.

நான் ஓய்வுபெற்ற லிஃப்ட் ஆய்வாளர். நான் ஏறி இறங்கிய தூரத்தையெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் நிலாவுக்குப் போய்ப் பல் துலக்கி, காபி குடித்துவிட்டு வரலாம். மேடம், அதாவது என் மனைவி, ஒரு பெரிய மருத்துவமனையின் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்தவள். அவள் புரோகிராமில் பிழை கண்டுபிடித்தவர் எவரும் உயிரோடு இல்லை என்று நான் எல்லோரிடமும் சொல்வேன். உண்மையில் எல்லோரும் நன்றாகத்தான் இருக்கிறார்கள். பிழைதான் பிறக்கவே இல்லை.

எங்கள் மகன் மருந்துக்கடைக்கு மேல் மாடியில் ஸ்டூடியோ வைத்திருக்கிறான். எங்கே விசேஷம் என்றாலும் போய்ப் படம் எடுப்பான். இப்போது யார் ஆல்பம் கேட்கிறார்கள்? எல்லோருக்கும் பென் டிரைவில்தான் வேண்டும். ஒரு பள்ளிக்கூடத்து ஆண்டு விழா ஆர்டர் வந்தது. பிள்ளைக்கு ஒன்று என்று அட்டைப்பெட்டி நிறைய பென் டிரைவ். ஒவ்வொன்றாகச் செருகி, உள்ளே ஏற்கனவே கிடப்பதைத் துடைத்து, படங்களை ஏற்றி, பெயர் வைத்துக் கழற்ற வேண்டும். பையன் கண் இரண்டும் குழிக்குள் போய்விட்டன. கொஞ்சம் விட்டிருந்தால் பின்மண்டை வழியாக வெளியே வந்திருக்கும்.

"விடு, நான் ஒண்ணு எழுதித் தரேன்" என்றாள் மேடம்.

எழுதியும் விட்டாள். அது வேலை செய்யும் விதத்தை அவள் எனக்கு விளக்கியபோது நான் பன் தின்றுகொண்டிருந்தேன். ஆனாலும் ஒரு வார்த்தை விடாமல் காதில் விழுந்தது. அதுதான் என் வினை.

பென் டிரைவைச் செருகியதும் கம்ப்யூட்டருக்குள் அழைப்பு மணி அடிக்குமாம். புரோகிராம் வாசலுக்கு ஓடி, "வந்திருப்பது யார்? இங்கேயே குடியிருப்பவரா, வந்து போகிறவரா?" என்று கேட்குமாம். வந்து போகிறவர் என்றால் அவர் மூட்டை முடிச்சைக் கொட்டிக் காலி செய்துவிட்டு நம் படங்களை ஏற்றி அனுப்பும். மகனின் மொத்தப் பிழைப்பும் ஒரு வெளி ஹார்ட் டிஸ்கில் இருக்கிறது. அதையும் கையில் தூக்கிக்கொண்டு போகலாம். ஆனால் அதைக் கேட்டால், "நான் குடியிருக்கிறவன்" என்று கூசாமல் சொல்லுமாம். அதனால் அதன் பக்கம் புரோகிராம் திரும்பிக்கூடப் பார்க்காது.

"அட, பொய் சொன்னாலும் நல்ல பொய்தான்" என்றேன்.

"முழுசாக் கேளுங்க. கேமராவோட மெமரி கார்டு இருக்கே, அது உண்மையைச் சொல்லிடும். அதுவும் வந்து போறதுதானே? பென் டிரைவுக்கும் கார்டுக்கும் இதுக்கு வித்தியாசம் தெரியாது. அதனாலதான் இந்தக் கேள்வி."

திரையில் காட்டினாள். உள்ளே இருக்கும் சில கோப்புகளின் படம். அதன் கீழே: இதில் உள்ள அனைத்தும் போய்விடும். அழிக்கலாமா? ஆம், வேண்டாம் என்று இரண்டு கட்டம்.

ஆர்டர் வேலைக்கு நான்தான் உட்கார்ந்தேன். செருகு, ஆம். கழற்று. செருகு, ஆம். கழற்று. மதியத்துக்குள் என் சுட்டுவிரல் தேய்ந்து பென்சில் முனை மாதிரி ஆகிவிட்டது. கைரேகை அழிந்துவிட்டதால் இனி என்னைப் போலீஸ்கூடப் பிடிக்க முடியாது என்று நினைத்துக்கொண்டேன். மேடத்திடம் போய் நின்றேன்.

"ஒரு மனுஷன் ஆமாம் போடறதுக்குன்னே பொறந்தானா? கல்யாணத்தன்னிக்கு ஒரு தடவை ஆமாம் சொன்னேன். அதுவே இன்னும் முடியல."

"அன்னிக்கும் கேள்வியை முழுசாக் கேக்காமதான் சொன்னீங்க."

"எல்லாமே புது பென் டிரைவ். சும்மா கம்பெனி விளம்பரம் நாலு கிடக்கு. அதை அழிக்க எனக்கு எதுக்கு விசாரணைக் கமிஷன்? எடுத்து விடும்மா."

"முடியாது."

நான் விடவில்லை. சாப்பிடும்போது விரலைத் தூக்கிக் காட்டினேன். தண்ணீர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தேன். செய்தித்தாளை மூக்கால் புரட்டினேன். அவள் பார்க்காத மாதிரி பார்த்தாள். கடைசியில் எழுந்துபோய்க் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள்.

"இந்த ஆர்டர் முடியற வரைக்கும்தான். அதுவரைக்கும் இந்த மெஷின்ல கார்டு எதுவும் போடக் கூடாது."

"தாயே, காத்துகூட உள்ள போகாது."

கேள்வி போய்விட்டது. ஆகா, அதற்குப் பிறகு வேலை பறந்த வேகத்தை என்ன சொல்ல! செருகினால் ஒரு 'டிங்'. 'முடிந்தது' என்று பச்சை எழுத்து. கீழே இருந்து மருந்துக்கடைக்காரரைக் கூட்டி வந்து வேடிக்கை காட்டினேன்.

"கையே வைக்கல பாருங்க! செருகறேன், அதுவாக் கண்டுபிடிக்குது, அதுவாத் துடைக்குது, அதுவா ஏத்துது. எல்லாம் எங்க வீட்டு மேடம்."

"சார், நம்ம கடைக்கும் ஒண்ணு எழுதச் சொல்லுங்க. சீட்டைச் செருகினா மாத்திரை விழட்டும்."

"விழும். ஆனா யார் மாத்திரைன்னு கேக்காது" என்றேன், பெரிய நகைச்சுவை என்று நினைத்து. இரண்டு பேரும் வயிறு குலுங்கச் சிரித்தோம். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். என்னை மாதிரி கெட்ட நுணல் எந்தக் குளத்திலும் இருந்திருக்காது.

மறுநாள் மகன் ஒரு பிறந்த நாள் விழாவில் படம் எடுத்துவிட்டு வந்தான். கார்டைக் கேமராவிலிருந்து எடுத்து மேசையில் வைத்தான். "குளிச்சிட்டு வந்து காப்பி பண்ணிக்கறேன்ப்பா" என்று போனான். அட்டைப்பெட்டியில் இன்னும் ஒரு வரிசை பென் டிரைவ் மிச்சம் இருந்தது. புரோகிராம் வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தது. பாவம், பையன் களைத்து வந்திருக்கிறான், அவன் தலை துவட்டிக்கொண்டு வருவதற்குள் நாமே காப்பி செய்து வைத்தால் என்ன? எனக்கு அவ்வளவு பாசம் எப்போதாவதுதான் வரும். அன்றைக்குப் பார்த்து வந்தது.

காற்றுகூட உள்ளே போகாது என்று சத்தியம் செய்த அதே கையால் கார்டைச் செருகினேன்.

டிங். முடிந்தது.

நான் கைதட்டினேன். உண்மையாகவே தட்டினேன்.

தலையில் துண்டோடு மகன் வந்து கார்டைத் திறந்து பார்த்தான். முட்டைக்கோஸ் வேஷம் போட்ட ஒரு பிள்ளை பல்லைக் காட்டிச் சிரித்தது. அடுத்த படத்தில் கேரட். அதற்கடுத்து மேடை முழுக்கக் காய்கறி.

"அப்பா, இது என்ன?"

"ஆண்டு விழா."

"அது தெரியுது. பிறந்த நாள் எங்கே?"

அவன் என்னைப் பார்த்தான், திரையைப் பார்த்தான், துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டான். திட்டியிருந்தால் எனக்கும் பதிலுக்குக் கத்த ஒரு சாக்குக் கிடைத்திருக்கும்.

போன் போட்டதும் மேடம் வந்தாள். செருப்பைக் கழற்றாமல் நேராகக் கம்ப்யூட்டருக்கு வந்தது அவள் வாழ்நாளில் அதுதான் முதல் தடவை. "கார்டை வெளியே எடு. இனிமே அதுல யாரும் எதையும் எழுதக் கூடாது" என்றாள் மகனிடம்.

தொலைந்ததைத் தேடி எடுக்கும் வேறொரு புரோகிராமை வைத்து உட்கார்ந்தாள். அழிப்பது என்றால் வீட்டையே இடிப்பது இல்லையாம். வாசலில் இருக்கும் பெயர்ப் பலகையைக் கழற்றிவிடுவது மட்டும்தானாம். உள்ளே ஆட்கள் அப்படியே இருப்பார்களாம், புதிதாக வேறு யாரும் குடிவராத வரைக்கும். ஆனால் எங்கள் காய்கறிப் பிள்ளைகள் முன்வரிசை வீடுகள் முழுவதிலும் குடிவந்துவிட்டார்கள். பின்வரிசையில் இருந்தவர்களை மட்டும் மேடம் ஒவ்வொருவராக மீட்டாள்.

மீண்டு வந்தவர்கள்: தட்டில் பாதி கேக்கோடு ஒரு முதுகு. கொட்டாவி விடும் ஒருவர். அடுக்கி வைத்த நாற்காலிகள். பலூனை மிதிக்கப் போகும் ஒரு கால். வாசலில் செருப்பைத் தேடும் ஒரு கூட்டம்.

விழாவின் முன்பாதி போயே போய்விட்டது.

படம் கேட்டிருந்தவள் பக்கத்துத் தெருவில் தையல் கடை வைத்திருக்கும் பெண். அவளுடைய அப்பாவுக்குத்தான் பிறந்த நாள். மறுநாள் காலையில் மாடிப்படி ஏறி வந்தாள். கழுத்தில் அளவு நாடா தொங்கிக்கொண்டிருந்தது, கழற்ற மறந்திருக்கிறாள். முகம் முழுக்கச் சிரிப்பு. நான் அலமாரிக்குள் புகுந்துகொள்ளலாமா என்று பார்த்தேன். அலமாரி சின்னது.

மேடம் எழுந்து நின்றாள்.

"உட்காருங்கம்மா. ஒரு தப்பு நடந்துபோச்சு. நான் எழுதின புரோகிராம் உங்க கார்டைப் பென் டிரைவ்னு நினைச்சு அழிச்சிடுச்சு. பின்பாதி படம்தான் திரும்பக் கிடைச்சிருக்கு. அழிக்கறதுக்கு முன்னாடி அது கேட்டிருக்கணும். கேக்காம விட்டது என் தப்பு."

நான் பக்கத்தில்தான் நின்றேன். அவள் பேசி முடித்ததும் தலையை ஆட்டினேன். ஆமாம், இவள் தப்புதான் என்பது போல. அந்தத் தலையாட்டலை நினைத்தால் இப்போதும் கழுத்தைத் திருகிப் போடலாம் போலிருக்கிறது. ஆம் கட்டத்தை அமுக்கச் சோம்பல்பட்டவன், அங்கே மட்டும் யாரும் கேட்காமலே ஆமாம் போட்டேன்.

தையல்காரப் பெண் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் நாடாவின் நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"சித்தப்பா உள்ள வந்த படம்?"

"அது முதல்லயே எடுத்ததுக்கா" என்றான் மகன்.

"போச்சா?"

அவன் தரையைப் பார்த்தான்.

"எங்கப்பாவும் சித்தப்பாவும் பேசிக்கிறதில்ல" என்றாள் அவள் மேடத்திடம். "நான் பாவாடை கட்டின வயசுல நின்னுபோன பேச்சு. இவர்கிட்ட போய் அவர் ஏங்கறார்னு சொல்லுவேன், அவர்கிட்ட போய் இவர் அழறார்னு சொல்லுவேன். ரெண்டும் பொய். சொல்லிச் சொல்லியே ரெண்டு பேரையும் கரைச்சேன். வரேன்னு சொன்னார் சித்தப்பா. அவர் வந்த நேரம் பாத்து நான் பின்னாடி ரூம்ல கேக்கை அட்டையில இருந்து வெளிய எடுத்துட்டிருக்கேன். அது அட்டையோட ஒட்டிக்கிட்டு வரமாட்டேங்குது. கையெல்லாம் கிரீம். வெளிய எல்லாரும் கைதட்டற சத்தம் கேக்குது. ஓடி வரேன், எல்லாம் முடிஞ்சு ரெண்டு பேரும் உட்கார்ந்து தண்ணி குடிச்சிட்டிருக்காங்க. சரி, போட்டோ இருக்குமே, அதுல பாத்துக்கலாம்னு இருந்தேன்."

மேடம் நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"கீழ நிக்கறாங்க ரெண்டு பேரும்" என்றாள் அந்தப் பெண். "படம் பாக்கணும்னு காலையிலேயே கிளம்பிட்டாங்க. படி ஏற நேரமாகும்."

ஏறி வரும் சத்தம் கேட்டது. இந்தக் கட்டடத்தில் லிஃப்ட் இல்லை. அன்றைக்கு மட்டும் அதற்காக நான் மகிழ்ந்தேன், இரண்டு நிமிஷம் தப்பித்தோம் என்று. அப்பா முன்னால் வந்தார். பனைமர உயரம். பின்னால் வந்த சித்தப்பா அந்த மரத்தின் நிழல் மாதிரி குட்டையாகப் பரந்திருந்தார். விஷயம் தெரிந்ததும் இரண்டு பேரும் என்னையும் மகனையும் மாறி மாறி வாங்கினார்கள்.

"படத்தைத் தொலைக்கிறதுக்கு ஒரு கடையா?" என்றார் அப்பா.

"அண்ணே, கடைன்னு சொல்லாதே. கசாப்புக் கடைல கூட வெட்டறதுக்கு முன்னாடி எந்த ஆடுன்னு பாப்பாங்க" என்றார் சித்தப்பா.

அப்போதுதான் என் மூளையில் அந்த யோசனை உதித்தது. வெட்கம் கெட்டவனுக்குத்தான் எவ்வளவு சுறுசுறுப்பாக யோசனை வருகிறது! கையைத் தேய்த்துக்கொண்டு முன்னால் வந்தேன்.

"ஐயா, கோபிக்கக் கூடாது. ரெண்டு பேரும் இங்கேயேதான் இருக்கீங்க. கேமராவும் இருக்கு. இன்னொரு தடவை அதே மாதிரி ஒருத்தரை ஒருத்தர் கட்டிப் பிடிச்சீங்கன்னா, அசலைவிட நல்லா வரும்! வெளிச்சம்கூட இங்க பிரமாதம்."

"அப்பா..." என்றான் மகன், பல்லுக்குள்.

"நாங்க என்ன நாடகக் கம்பெனியா?" என்றார் சித்தப்பா.

பெரியவர் மகளைப் பார்த்தார். "வாடா, புள்ளைக்காக" என்றார் அவர். இருவரும் சாம்பல் நிறத் திரைக்கு முன்னால் போய் நின்றார்கள். பெரியவர் கையை விரித்தார். சின்னவர் எந்தப் பக்கம் தலையை வைப்பது என்று தெரியாமல் இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை போய், கடைசியில் அண்ணன் சட்டைப் பொத்தானில் மூக்கை இடித்துக்கொண்டார். "அப்படியே! அப்படியே இருங்க!" என்று நான் கத்தினேன். பெரியவர் கேமரா எங்கே என்று தேடிச் சிரித்தார். பல்செட் சிரிப்பு.

"வேண்டாம்ப்பா" என்றாள் அந்தப் பெண். "விடுங்க. வாங்க இப்படி."

இரண்டு கிழவர்களும் கையை எடுத்துக்கொண்டார்கள். எடுத்த கையை எங்கே வைத்துக்கொள்வது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. தப்புச் செய்து பிடிபட்ட பிள்ளைகளைப் போல நின்றார்கள். அவர்களை அப்படி நிற்க வைத்தவன் நான்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"இவ தப்பு இல்லம்மா" என்றேன். "புரோகிராம் கேள்வி கேட்டுக்கிட்டுதான் இருந்துச்சு. விரல் வலிக்குதுன்னு நச்சரிச்சு எடுக்க வெச்சவன் நான். கார்டு போடக் கூடாதுன்னு இவ சொன்னா. போட்டவனும் நான்தான். முன்னாடி தலையாட்டினேனே, அதையும் சேர்த்து மன்னிச்சுக்கணும்."

சொன்னதும் நெஞ்சில் இருந்த பாறாங்கல் உருண்டு, வானம் திறந்து, எல்லாம் சரியாகிவிடும் என்று எதிர்பார்த்தேன். அந்தப் பெண் என்னை ஏறிட்டுப் பார்த்தாள். கோபம்கூட இல்லை.

"யார் தப்புன்னு நான் கேக்கவே இல்லையே சார்" என்றாள்.

பிறகு என் மகன் பக்கம் திரும்பினாள். "தம்பி, நீங்கதானே எடுத்தீங்க. நீங்க பாத்திருப்பீங்க இல்ல? எப்படி இருந்துச்சுன்னு சொல்லுங்க."

அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"சித்தப்பா வாசல்ல நின்னார்க்கா. உள்ள வரல. கையில ஒரு பை. அப்பா நாற்காலிய விட்டு எழுந்தார்..."

"நான்தான் முதல்ல போனேன்" என்றார் பெரியவர்.

"எங்க போனே? நான் ரெண்டு அடி வெச்சப்புறம்தான் நீ எழுந்தே" என்றார் சின்னவர்.

"செருப்பைக் கழட்டவே உனக்கு..."

"ரெண்டு பேரும் சும்மா இருங்க" என்றாள் அவள். கண்ணை மூடிக்கொண்டாள். "நீங்க சொல்லுங்க தம்பி."

"அப்பா போய்த் தோளைப் பிடிச்சார். பை கீழ விழுந்துச்சு. ஆரஞ்சு எல்லாம் உருண்டு ஓடுச்சு, யாரும் எடுக்கல. கட்டிப் பிடிச்சுக்கிட்டாங்க. ரொம்ப நேரம்."

"அப்பா அழுதாரா?"

"தோள் குலுங்குச்சுக்கா."

"முகம் எப்படி இருந்துச்சு?"

மகன் கேமராவின் வாரைக் கையில் சுற்றிச் சுற்றிப் பிரித்தான். பொய் சொல்லிவிடு என்று நான் மனசுக்குள் கும்பிட்டேன். சிரித்தார், அழுதார், சூரியன் மாதிரி இருந்தது, எதையாவது சொல்லித் தொலை. நானாக இருந்தால் பத்துப் பக்கம் அளந்திருப்பேன். அவன் அம்மா பிள்ளை.

"தெரியலக்கா" என்றான். "நான் போகஸ் சரியா இருக்கான்னுதான் பாத்துட்டிருந்தேன். வேக வேகமா அமுக்கிக்கிட்டே இருந்தேன். முகத்தை எல்லாம் இங்க வந்து பெரிசாப் போட்டுப் பாத்துக்கலாம்னு நினைச்சேன்."

அவள் கண்ணைத் திறந்தாள். அப்பாவைப் பார்த்தாள். அவர் அவசரமாக முகத்தைத் துடைத்து, அன்றைக்கு எப்படி வைத்திருந்தோம் என்று நினைவுக்குக் கொண்டுவர முயல்வது போல வாயை ஒரு தினுசாக வைத்துக்கொண்டார். அவருக்கே தெரியவில்லை. தன் முகத்தை யாருக்குத் தெரியும்?

"சரி, கிடைச்சதைக் குடுங்க" என்றாள்.

மேடம் ஒரு பென் டிரைவை எடுத்து, புரோகிராமை மூடிவிட்டு, ஒவ்வொரு படமாகக் கையால் இழுத்துப் போட்டாள். முதுகு. கொட்டாவி. நாற்காலிகள். நேரம் ஆனது. எனக்குச் சொல்வதற்கு ஒரு வேடிக்கைகூட வரவில்லை. வாழ்நாளில் லிஃப்ட் நடுவழியில் நின்றபோதுகூட உள்ளே இருந்தவர்களை நான் சிரிக்க வைத்திருக்கிறேன்.

பென் டிரைவை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, அப்பாவின் கையை ஒரு பக்கமும் சித்தப்பாவின் கையை ஒரு பக்கமும் பிடித்துக்கொண்டு அவள் படி இறங்கினாள். நான் வாசலில் நின்றேன். போகும்போது ஏதாவது ஒரு வார்த்தை திட்டுவார்கள் என்று, கடைசிப் படியில் அவர்கள் தலை மறையும் வரைக்கும் நின்றேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.